பழைய வண்டியோடு 57 வருஷம்

1967-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள பான்வில் என்ற உப்பு வெளியில் ஒரு விசித்திரமான காட்சி நடந்தது. மீனைப் போல நீண்டு கூர்ந்த சிவப்புக் கூடு ஒன்றுக்குள் 68 வயதுக் கிழவர் ஒருவர் குப்புறப் படுத்துக்கொண்டார். கூட்டுக்குள் இருந்தது ஒரு மோட்டார் சைக்கிள். அதற்கு வயது 47. கிழவருக்கோ ஏறக்குறையப் பத்து வருஷமாக இருதயக் கோளாறு. வண்டியைத் தள்ளிக் கிளப்பிவிட்டார்கள். சிறிது நேரத்தில் அது வெள்ளை வெளியில் ஒரு புள்ளியாகி மறைந்தது. போகும்போதும் திரும்பும்போதும் எடுத்த வேகங்களின் சராசரியைக் கணக்கிட்டு, மணிக்கு 183.586 மைல் என்று அதிகாரிகள் எழுதிக்கொண்டார்கள். 1,000 சி.சி.க்கு உட்பட்ட எஞ்சின்களின் பிரிவில் அது புதிய சாதனை.

அந்த வண்டி புத்தம் புதிதாக வந்த நாளில் அதன் உச்ச வேகம் மணிக்கு 55 மைல்தான். 55 எப்படி 183 ஆயிற்று என்ற கதையே பர்ட் மன்றோவின் ஜீவிய சரித்திரம்.

இரண்டு வயது தாண்டாத குழந்தை

நியூஸிலாந்தின் தென் தீவில், அநேகமாக அதன் கடைக்கோடியில், இன்வர்கார்கில் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1899 மார்ச் 25-ந் தேதி ஹெர்பர்ட் ஜேம்ஸ் மன்றோ பிறந்தார். இரட்டைக் குழந்தைகளில் ஒருவர் அவர். கூடப் பிறந்த பெண் குழந்தை பிறக்கும்போதே இறந்துவிட்டது. இந்தப் பையனும் இரண்டு வயதைத் தாண்டுவது சந்தேகம் என்று டாக்டர்கள் பெற்றோரிடம் சொல்லிவிட்டார்கள். டாக்டர்களின் வாக்கு பொய்த்தது. ஊருக்குக் கிழக்கே ஈடன்டேல் என்ற இடத்தில் இருந்த தகப்பனாரின் பண்ணையில் அவர் வளர்ந்தார்.

பண்ணை வேலை அவருக்குக் கசந்தது. வேகம் மட்டும் இனித்தது. வீட்டிலிருந்த குதிரைகளில் எது அதிவேகமாக ஓடுமோ அதன் மீது ஏறி வயல்வெளியில் விரட்டுவார். தகப்பனார் கோபித்துக்கொள்வார். மறுநாளும் அதே கதைதான். மோட்டார் சைக்கிள் என்ற பொருள் அந்தப் பிரதேசத்துக்கு வந்து சேர்ந்ததும் குதிரை மோகம் அதன் மேல் திரும்பியதில் வியப்பில்லை. முதலில் ஒரு டக்ளஸ், பிறகு ஒரு கிளைனோ என்று பிரிட்டிஷ் வண்டிகள் இரண்டை ஓட்டிப் பார்த்தார். நடுவில், மலையைக் குடைந்து ஒட்டீரா ரயில் சுரங்கப் பாதை அமைக்கும் வேலைக்குப் போய்க் கூலி சம்பாதித்ததும் உண்டு.

1920-ல், 21 வயதில், அவர் ஒரு புது வண்டி வாங்கினார். அதன் பெயர் இந்தியன் ஸ்கவுட். பெயரைப் பார்த்து நம் நாட்டுச் சரக்கு என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவின் பூர்வ குடிகளை மனத்தில் வைத்து, மாஸச்சூஸட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்த கம்பெனி தன் வண்டிகளுக்குச் சூட்டிய பெயர் அது. ஸ்கவுட் ரகத்தை உருவாக்கியவர் சார்லஸ் ஃபிராங்க்ளின் என்ற அயர்லாந்துக்காரர். தொழிற்சாலையில் தயாரான ஸ்கவுட்டுகளில் மன்றோ வாங்கியது 627-ஆவது.

அதன் பிறகு 57 வருஷ காலம் அந்த வண்டி அவர் கையை விட்டுப் போகவில்லை.

இரட்டை சிலிண்டரின் குணம்

ஸ்கவுட்டின் எஞ்சின் இரண்டு சிலிண்டர்களைக் கொண்டது. ஆங்கில எழுத்தான வி வடிவத்தில், ஒன்றின் பின் ஒன்றாக, 42 டிகிரி விரிந்து அவை நின்றன. இந்த அமைப்புக்கு மோட்டார் சைக்கிள் உலகில் இன்றுவரை தனிப் பக்தர் கூட்டம் உண்டு. ஏன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒற்றைச் சிலிண்டர் வண்டியின் ஒல்லியான உடம்பிலேயே இரண்டு சிலிண்டரின் பலத்தை அடைத்துவிடலாம். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே இழுவைச் சக்தி நன்றாக இருக்கும். இரண்டு பிஸ்டன்களின் தண்டுகளும் ஒரே முளையில் மாட்டியிருப்பதால் வெடிப்புகளுக்கிடையே இடைவெளி சமமாக இராது. ஒன்று சீக்கிரம் வரும், அடுத்தது சற்றுத் தாமதித்து வரும். அந்தக் கோணல் தாளத்தில் காதைக் கொடுத்தவர்களுக்கு மற்ற எஞ்சின்களின் சத்தம் தையல் மெஷின் சத்தமாகத்தான் படும்.

குற்றங்களும் அதே அமைப்பிலிருந்துதான் பிறக்கின்றன. முன் சிலிண்டர் காற்றை வாங்கிக் குளிர்ந்துகொள்ளும். பின் சிலிண்டர் அதன் நிழலில் நின்று வேகும். ஒரே கார்புரேட்டர் இரண்டுக்கும் பெட்ரோல் ஊட்ட வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி மூச்சு விடுவதில்லை. அதிர்வினால் இறுக்கிய திருகாணி தளர்ந்துகொண்டே இருக்கும். இத்தனைக்கும் மேலே, அந்தக் காலத்து ஸ்கவுட்டில் எஞ்சினுக்குள் போன எண்ணெய் திரும்பி வருவதில்லை. போனது எரிந்தும் ஒழுகியும் தீரும். கடும் ஓட்டத்தில் கைப் பம்பினால் எவ்வளவு கூடுதலாக ஊட்டுவது என்பதை ஓட்டுபவனே உத்தேசமாகத் தீர்மானிக்க வேண்டும். குறைத்தால் எஞ்சின் இறுகிப் போகும். கூட்டினால் பிளக்கில் கரி படியும். கிளட்ச் காலில், கியர் கையில். முன் சக்கரத்துக்குப் பிரேக்கே கிடையாது.

இப்படிப்பட்ட வண்டியை வைத்திருப்பவன் அதன் எஜமானா, வேலைக்காரனா என்பது தினமும் தீர்க்க வேண்டிய வழக்கு. ஐந்தாறு வருஷம் அதன் குணங்களோடு பழகிய பின், 1926-ல் மன்றோ அதைப் பிரித்தார். அதை மாற்றி அமைக்கும் வேலை அன்றைக்கு ஆரம்பித்தது. அவர் ஆயுள் முடியும் வரை அது முடியவே இல்லை என்றால் மிகையாகாது.

பகலில் விற்பனை, இரவில் பட்டறை

சில காலம் அவர் பந்தயத்தையே தொழிலாகக் கொண்டு வட்டப் பாதைகளில் ஓட்டினார். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் வரைக்கும் போய்ப் பந்தயம் விட்டார். 1930-ஐ ஒட்டி உலகெங்கும் பணமுடை வந்தபோது ஊருக்குத் திரும்பி, மோட்டார் சைக்கிள் விற்பனையாளராகவும் மெக்கானிக்காகவும் ஜீவனம் நடத்தினார். 1936-ல் ஒற்றைச் சிலிண்டர் வெலோஸெட் ஒன்றும் வந்து சேர்ந்தது. அதையும் அவர் விட்டுவைக்கவில்லை.

பகல் முழுவதும் பிறருக்குப் புது வண்டி விற்பார். இரவில் தன் பழைய வண்டியின் முன் உட்காருவார். விடிய விடிய வேலை செய்துவிட்டு, தூங்காமலே மறுநாள் காலை கடைக்குப் போன நாட்கள் உண்டு. இன்வர்கார்கிலுக்கு அருகே ஒரீட்டி என்ற கடற்கரை இருக்கிறது. அலை வாங்கிய நேரத்தில் அதன் மணல் தார் ரோடு போல இறுகிக் கிடக்கும். மைல் கணக்காக நேராக ஓடும். அதுதான் அவருடைய பரிசோதனைச் சாலை. 1938-ல் நியூஸிலாந்தின் தேசிய சாதனை ஒன்றை முதன்முறையாக ஏற்படுத்தினார். 1940-ல் திறந்த சாலையில் மணிக்கு 120 மைலைத் தாண்டினார். 55 மைல் வண்டி இருமடங்குக்கு மேல் போய்விட்டது. வேறு எவராக இருந்தாலும் அத்துடன் திருப்தி அடைந்து, வண்டியைத் துடைத்து வீட்டு முகப்பில் நிறுத்தியிருப்பார்கள்.

மன்றோவுக்கு வீடும் இருந்தது. 1927-ல் பெரில் என்ற பெண்மணியை மணந்து, குழந்தைகளும் பிறந்திருந்தன. இரவெல்லாம் கொட்டகையில் அரம் தேய்க்கும் மனிதரோடு ஒரு பெண் எப்படிக் குடித்தனம் நடத்தினார் என்பதைப் பற்றி மோட்டார் சைக்கிள் ரசிகர்கள் அதிகம் எழுதுவதில்லை. இரண்டாவது உலக யுத்தம் முடிந்த பின் தம்பதிகள் பிரிந்தார்கள். 1947-ல் விவாகரத்து ஆயிற்று. பழைய வண்டி மோகத்தில் வேடிக்கை நிறைய உண்டு. ஆனால் அதற்கான விலையை மோகம் கொண்டவர் மட்டும் கொடுப்பதில்லை. மன்றோவின் கதையை வெறும் வீர கதையாகச் சொல்லுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

1940-களின் கடைசியில் அவர் உத்தியோகத்தையும் விட்டார். ஒரு கொட்டகையைக் கட்டிக்கொண்டு அதிலேயே குடியேறினார். ஒரு பக்கம் கட்டில். மறு பக்கம் லேத்தும் இரண்டு மோட்டார் சைக்கிள்களும். இனி அவருக்கு வேறு வேலை இல்லை.

தகர டப்பாவில் பிறந்த பிஸ்டன்

பணக்காரர்கள் பந்தய வண்டிக்கு வேண்டிய சாமான்களைக் கடையில் வாங்குவார்கள். மன்றோவிடம் பணம் இல்லை. பணம் இருந்தாலும் அவருக்கு வேண்டியது எந்தக் கடையிலும் கிடைக்காது. 1920-ம் வருஷத்து ஸ்கவுட்டை 150 மைல் வேகத்தில் ஓட்ட யாராவது உத்தேசிப்பார்கள் என்று எண்ணி எந்தக் கம்பெனி உதிரி பாகம் செய்யும்? 1953-ல் ஸ்பிரிங்ஃபீல்டு தொழிற்சாலையின் உற்பத்தியே நின்றுபோயிற்று.

ஆகையால் எல்லாவற்றையும் கையாலேயே செய்தார். உலோகத்தை உருக்கி, பழைய தகர டப்பாக்களையே அச்சாகக் கொண்டு பிஸ்டன்களை வார்த்தார். பழைய எரிவாயுக் குழாயின் வார்ப்பிரும்பைக் கடைந்து சிலிண்டர்கள் ஆக்கினார். பிஸ்டனையும் சுழல் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடுகளுக்குச் சாதாரண எஃகு தாங்காது என்று கண்டு, காட்டர்பில்லர் டிராக்டரின் அச்சுத் தண்டை வாங்கி, அதிலிருந்து அறுத்து, அரத்தால் தேய்த்துத் தேய்த்து உருவாக்கினார். ஒரு ஜோடி ராடு செய்ய மாதக் கணக்கில் ஆகும். நுண்ணளவு பார்க்கும் கருவிக்குப் பதிலாகப் பழைய சக்கரக் கம்பி ஒன்றையே உபயோகித்தார் என்றால் அவருடைய கைத் திறமையைச் சொல்ல வேண்டியதில்லை.

எஞ்சினின் மூச்சையே மாற்றினார். ஸ்கவுட்டின் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருந்தவை. காற்று வளைந்து நெளிந்து உள்ளே போக வேண்டும். வேகத்துக்கு அது உதவாது. வால்வுகளைத் தலைக்கு மேலே கொண்டுபோய், இரண்டு காம்கள் இருந்த இடத்தில் நான்கு காம்களை வைத்து, முழுவதையும் தாமே திட்டமிட்டுத் தாமே செய்தார். கனமான சுழல் சக்கரங்கள் அவருடைய கை வேலை. கூடிய பலத்தைத் தாங்க 17 தட்டுகள் கொண்ட கிளட்சையும் செய்துகொண்டார். சுமார் 600 சி.சி.யாக இருந்த எஞ்சின் படிப்படியாக வளர்ந்து கடைசியில் 950 சி.சி. ஆயிற்று. டயரின் பூவேலைகூட அதிவேகத்தில் பிய்ந்து பறக்கும் என்று அஞ்சி, சமையல் கத்தியால் ரப்பரைச் சீவி மழமழவென்று ஆக்கினார்.

இதெல்லாம் ஒரே தடவையில் ஜெயித்தது என்று நினைக்க வேண்டாம். ஒரு பாகத்தைப் பலப்படுத்தினால் அடுத்த பாகம் உடையும். பிஸ்டன் தாங்கினால் ராடு முறியும். ராடு தாங்கினால் சிலிண்டர் வெடிக்கும். மாதக் கணக்காகச் செய்த பொருள் கடற்கரையில் அரை நிமிஷ ஓட்டத்தில் சுக்கு நூறாகி, எஞ்சின் பெட்டியையும் ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். கிழவர் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு கொட்டகைக்குத் திரும்புவார். எந்த இடத்தில் விரிசல் ஆரம்பித்தது என்று பார்ப்பார். மறுபடி உலை மூட்டுவார்.

உடைந்தவற்றை அவர் எறியவில்லை. கொட்டகைச் சுவரில் ஒரு பலகை அடித்து, உருகிய பிஸ்டன்களையும் முறிந்த தண்டுகளையும் வரிசையாக அடுக்கி வைத்தார். வேகக் கடவுளுக்குச் செலுத்திய காணிக்கைகள் என்று அதற்கு ஒரு பெயர்ப் பலகையும் எழுதினார். வேடிக்கைக்காகச் செய்ததுதான். ஆயினும் நம் ஊர்க் கோயில்களில் வேண்டுதல் நிறைவேறியவர்கள் கண்ணும் காலும் செய்து செலுத்துவதைப் பார்த்தவர்களுக்கு அதில் ஒரு விபரீதம் தெரியும். மன்றோ வேண்டுதல் நிறைவேறுவதற்கு முன்பே செலுத்திக்கொண்டிருந்தார்.

காற்றோடு வழக்கு

இங்கே ஒரு சிறு கணக்கைச் சொல்லியாக வேண்டும். வண்டியின் வேகத்தை இருமடங்காக்க எஞ்சினின் பலம் இருமடங்கு ஆனால் போதாது. காற்றின் எதிர்ப்பைக் கிழித்துக்கொண்டு போக எட்டு மடங்கு பலம் வேண்டும். 55 மைலிலிருந்து 183 மைலுக்குப் போக, அதே உருவத்தோடு போவதானால், ஏறக்குறைய 37 மடங்கு! அரம் தேய்த்து எந்த மனிதனும் அதைச் சாதிக்க முடியாது. உருவத்தையும் மாற்றத்தான் வேண்டும்.

ஆகவே காற்று வழுக்கிக்கொண்டு போகும்படி ஒரு கூடு செய்ய ஆரம்பித்தார். அதற்கு ஐந்து வருஷம் பிடித்தது. கூட்டுக்குள் அவர் உடம்பு நுழைந்தால் மூச்சு விட மட்டும்தான் இடம் இருந்தது. ஆனால் கூடு ஒரு புதிய தொல்லையையும் கொண்டு வந்தது. மிக உயர்ந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் வண்டியின் முன் பாகத்தைப் பக்கவாட்டில் தள்ளத் தொடங்கினால், வண்டி பாம்பு போல ஆடும். அந்த ஆட்டம் பிடித்துவிட்டால் ஓட்டுபவனால் செய்யக்கூடியது அற்பம்.

உப்பு வெளிக்கு யாத்திரை

பான்வில் ஒரு வறண்ட ஏரி. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 4,200 அடி உயரத்தில், கண்ணுக்கு எட்டிய வரை உப்புப் பாளமாகக் கிடக்கிறது. நடுவே கறுப்புக் கோடு ஒன்று போடுவார்கள்; அதைப் பார்த்து ஓட்ட வேண்டும். உலகத்தில் வேகப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லோருக்கும் அதுதான் காசி. 1948-ல் ராலி ஃப்ரீ என்பவர் காற்றின் தடையைக் குறைப்பதற்காக நீச்சல் உடையுடன் வண்டி மீது நீட்டிப் படுத்துக்கொண்டு மணிக்கு 150 மைலைத் தாண்டியது அங்கேதான். அவர் ஓட்டிய வின்ஸென்டும் வி வடிவ இரட்டைச் சிலிண்டர் வண்டியே.

மன்றோ முதல் தடவை அங்கே போனது வேடிக்கை பார்க்க. இதன் பிறகு ஒரு பெயர் மாற்றமும் நிகழ்ந்தது. அதுவரை அவர் தம் பெயரை பெர்ட் என்று எழுதிவந்தார். 1957-ல் ஒரு அமெரிக்கப் பத்திரிகை அதை பர்ட் என்று தவறாக அச்சிட்டது. அவர் ஆட்சேபிக்கவில்லை. அதையே வைத்துக்கொண்டார்! அதே வருஷம் ஒரீட்டி மணலில் மணிக்கு 131 மைல் ஓட்டினார். அந்த மணலில் அதற்கு மேல் போக வழியில்லை. 1950-களின் கடைசியில் இருதய வலியும் வந்தது. உப்பு வெளிக்குப் போவதென்றால் இனித் தாமதிக்க முடியாது.

நியூஸிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலில் பசிபிக் மகா சமுத்திரத்தைக் கடக்க வேண்டும். செலவைச் சிக்கனம் பண்ணிச் சேர்த்த சொற்பப் பணம். அங்கே போய் ஒரு பழைய காரை மலிவாக வாங்கி, அதன் பின்னால் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு, காரிலேயே தூங்கிக்கொண்டு, பாலைவனச் சாலையில் நூற்றுக் கணக்கான மைல் பிரயாணம். 1962-ல், 63-ஆவது வயதில், 883 சி.சி. பிரிவில் மணிக்கு 178.971 மைல் ஓட்டிச் சாதனை ஏற்படுத்தினார். பெரிய கம்பெனிகளின் ஆதரவுடன் வந்தவர்களுக்கு நடுவே, தகர டப்பாவில் வார்த்த பிஸ்டனோடு வந்த வெளிநாட்டுக் கிழவர் சாதித்தது அது. பான்விலுக்கு அவர் மொத்தம் பத்துத் தடவை போனார். ஒன்பது தடவை ஓட்டினார். அவற்றில் சாதனையோடு திரும்பியது மூன்றே மூன்று தடவை. மற்ற வருஷங்களில் கிடைத்தது, பலகையில் வைக்க இன்னும் சில காணிக்கைகள்.

1966-ல் 1,000 சி.சி. பிரிவில் 168.066 மைல். முந்தியதைவிடக் குறைந்த வேகம்தான். ஆனால் பிரிவு வேறு. மறு வருஷம்தான் தொடக்கத்தில் சொன்ன ஓட்டம் நடந்தது. பந்தயத் தகுதிக்காக ஒரு திசையில் மட்டும் ஓட்டியபோது மணிக்கு 190.07 மைல் பதிவாயிற்று. கிலோமீட்டரில் சொன்னால் 305-க்கு மேல். இந்தியன் வண்டி ஒன்றுக்கு அதுவரை அதிகாரபூர்வமாகக் குறிக்கப்பட்ட வேகங்களில் அதுவே உச்சம்.

அந்த வருஷத்து ஓட்டங்களில் ஒன்று எமனோடு சம்பாஷணை. பாதி தூரம் கடந்ததும் வண்டிக்கு ஆட்டம் பிடித்தது. பிரேக்கை நம்பக்கூடிய வேகம் அல்ல. உடம்பை நிமிர்த்தினால் காற்று வண்டியை நிறுத்தும் என்று எண்ணித் தலையைக் கூட்டுக்கு மேலே தூக்கினார். காற்று கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. கண் விழிகள் உள்ளே அமுங்கிப் பார்வை தெரியவில்லை. கறுப்புக் கோட்டை விட்டு வெகு தூரம் விலகி, எல்லைக்கு நட்டிருந்த இரும்புக் கம்பம் ஒன்றை அங்குலக் கணக்கில் தப்பிப் போனார். வேறு வழியின்றி வண்டியை உப்பில் சாய்த்தார். எழுந்து பார்த்தால் சில சிராய்ப்புகள்தான். வண்டியும் பிழைத்தது.

நேரக் கணக்கு

183 மைல் வேகத்தில் ஒரு மைலைக் கடக்க 20 விநாடிகூட ஆகாது. பான்விலில் மன்றோ முழு வேகத்தில் ஓட்டிய நேரங்களையெல்லாம் கூட்டினால் ஒரு மணி நேரம் தேறுமா என்பது சந்தேகம். அதற்காகச் செலவானது 40 வருஷம். லாப நஷ்டக் கணக்கு எழுதும் குமாஸ்தா இதைப் பார்த்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். ஆனால் கணக்கில் ஒரு வரி விட்டுப்போகிறது. அந்தக் கொட்டகையில் கழிந்த இரவுகளை அவர் செலவாகக் கருதியதாகத் தெரியவில்லை. காலையில் வார்த்த பிஸ்டன் மாலையில் குளிர்ந்து, டப்பாவை அறுத்து வெளியே எடுக்கும்போது அதில் துவாரம் இல்லாமல் இருந்தால், அந்த மனிதருக்கு அன்றைய தினம் திருநாள். உடைந்தால், ஏன் உடைந்தது என்ற கேள்வியோடு மறுநாள் எழுந்திருக்க ஒரு காரணம் கிடைத்தது. இளைஞர்கள் சிலர் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்து வேலையைப் பார்ப்பார்கள். அவர் அலுக்காமல் விளக்குவார்.

புது வண்டி வாங்கக்கூடாதா என்று கேட்கத் தோன்றும். புது வண்டிகள் விற்றவர்தான் அவர்! வேகம் மட்டுமே வேண்டுமென்றால் அது எளிய வழி. தம் கையில் முதலில் வந்த அந்த ஒரு வண்டி எவ்வளவு தூரம் போகும் என்பதை அறிவதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

கடைசி நாட்கள்

1970-களின் தொடக்கம் வரை அவர் உப்பு வெளிக்குப் போய் வந்தார். பிறகு உடம்பு இடம் கொடுக்கவில்லை. ரோஜர் டொனால்ட்ஸன் என்ற இளம் டைரக்டர் அவருடைய கொட்டகைக்கு வந்து, அவரை நேரிலேயே படம் பிடித்து ஒரு செய்திப் படம் எடுத்தார். கடவுளுக்குச் செலுத்திய காணிக்கைகளே அந்தப் படத்துக்குப் பெயரும் தந்தன. 1977-ல் பக்கவாதம் தாக்கியது. கை கால் ஒருமித்து இயங்கவில்லை. அந்த நிலையில் வண்டியை ஓட்டுவதும் முடியாது, பிரிப்பதும் முடியாது. இரண்டு வண்டிகளும் தென் தீவை விட்டுப் போகக்கூடாது என்று விரும்பி, உள்ளூர் வியாபாரியான நார்மன் ஹேய்ஸிடம் விற்றுவிட்டார். 1978 ஜனவரி 6-ந் தேதி, 78-ஆவது வயதில், அவர் காலமானார். வண்டி கைமாறி ஒரு வருஷம் ஆவதற்குள் எஜமானரும் போய்விட்டார்.

அவர் மறைந்து 27 வருஷத்துக்குப் பின், 2005-ல், அதே டொனால்ட்ஸன் ஆன்டனி ஹாப்கின்ஸை மன்றோவாக நடிக்க வைத்து முழு நீளப் படம் ஒன்றை எடுத்தார். உலகம் முழுவதும் அவர் பெயர் பரவியது அதனால்தான். பல வருஷத்துப் பிரயாணங்களை ஒரே பிரயாணமாகச் சுருக்கிச் சொன்னது அந்தப் படம். பட்டறையில் கழிந்த வருஷங்களைத் திரையில் காட்டுவது சுலபமும் அல்ல. 2006-ல் அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் தன் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டது. அதே வருஷம் முதல் அவர் பெயரால் இன்வர்கார்கிலில் பந்தய விழா தொடங்கியது. ஒரீட்டி மணலில் மறுபடியும் வண்டிகள் சீறின.

பிறகு 2014-ல் ஒரு விஷயம் வெளிவந்தது. மகன் ஜான் மன்றோ பழைய கடுதாசிகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, 1967 ஆகஸ்டில் அதிகாரிகள் போட்ட சராசரிக் கணக்கில் பிசகு இருப்பதைக் கண்டார். அமெரிக்கச் சங்கத்துக்கு எழுதினார். அவர்களும் பழைய ஏடுகளைச் சரிபார்த்து, சாதனை வேகத்தை 183.586 என்பதிலிருந்து மணிக்கு 184.087 மைல் என்று திருத்திக்கொண்டார்கள். அந்த அரை மைல் 47 வருஷம் யாருக்கும் தெரியாமல் ஏட்டில் புதைந்து கிடந்திருக்கிறது.

வண்டி, மன்றோ விரும்பியபடி, இன்வர்கார்கிலிலேயே தங்கியது. ஹேய்ஸ் குடும்பத்தாரின் இரும்புச் சாமான் கடையில் சுத்தியல், ஆணி, திருகாணி, அரம் விற்கும் அடுக்குகளுக்கு நடுவே அதைக் காட்சிக்கு வைத்தார்கள். பக்கத்திலேயே அவர் வார்த்து உடைத்த பிஸ்டன்களும் இருந்தன.